பெயர் ஒன்றா, இரண்டா?

ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 26. அவற்றின் வடிவங்களோ 52. ஒவ்வோர் எழுத்துக்கும் பெரிய வடிவம் ஒன்று, சிறிய வடிவம் ஒன்று. தமிழில் இந்த இரட்டை வழக்கு இல்லை. கன்னடத்தில் இல்லை, தெலுங்கில் இல்லை, உருதுவிலும் இல்லை. எங்கள் கோலார் தங்கவயலில் இந்த நான்கு மொழிகளும் அன்றாடம் புழங்குபவை. ஆதலால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பது அயல்வீட்டுச் சங்கதி என்றே நம்மில் பலருக்குத் தோன்றும். ஆனால் கணிப்பொறியில் ஒரு கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்கும் எவரையும் இச்சங்கதி விடுவதில்லை. தமிழில் பெயரிடுவோரையும் அது வேறொரு வாசல் வழியாக வந்து பிடித்துக்கொள்கிறது.

கேள்வி மிக எளியது. ஒரே உறைக்குள் இரண்டு கோப்புக்கள் இருக்கின்றன. இரண்டின் பெயரிலும் எழுத்துக்கள் அவையே. ஒன்றில் பெரியவை, மற்றொன்றில் சிறியவை. இவை இரண்டு பெயர்களா, ஒரே பெயரா? லினக்ஸ் இரண்டு என்கிறது. விண்டோஸும் மாக் கணிப்பொறியும், வாங்கியபடியே வைத்திருந்தால், ஒன்று என்கின்றன. இந்த விடை வேறுபாட்டால் ஒருவர் பல மாதம் உழைத்துச் சேர்த்த அளவீடுகள் சுவடின்றி மறையக்கூடும்.

எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் முதலிய குடியிருப்புக்களை எல்லாம் சேர்த்து உலகம் கே.ஜி.எஃப். என்று மூன்று பெரிய எழுத்துக்களால் அழைக்கிறது. அதே மூன்றெழுத்துக்களைச் சிறியனவாக எழுதினால் இயற்பியலில் அது ஓர் அலகு: கிலோகிராம்-விசை, அதாவது 9.80665 நியூட்டன். இவ்விரண்டும் ஒரே ஆய்வேட்டில் சந்திப்பது கற்பனையன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அவ்வளவு ஆழத்தில் மேலுள்ள பாறையின் சுமை தாங்காமல் சுரங்கச் சுவர்கள் வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு எனப்படும் இந்நிகழ்ச்சிகளுக்குத் தங்கவயல் உலகப் புகழ் பெற்றது. 1988-இல் தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டதும் பொருத்தமே. பாறையின் வலிமையைப் பழைய ஏடுகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம்-விசை என்றே குறிக்கின்றன. துகள் இயற்பியல் படிப்போருக்கும் கே.ஜி.எஃப். என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, ஒரு சோதனையின் பெயர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் அறிஞர்களும் சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டது இந்தச் சுரங்கத்தின் ஆழத்திலேதான்.

ஒரு மாணவர் தம் லினக்ஸ் கணிப்பொறியில் ஊர்ப்பெயரால் ஒரு கோப்பு வைக்கிறார். அதில் வெடிப்பு நிகழ்ந்த நாட்களின் பட்டியல். அலகின் பெயரால் மற்றொன்று. அதில் பாறை வலிமையின் அட்டவணை. இரண்டும் அமைதியாக அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை அவர் ஒரு பென்டிரைவில் இடுகிறார். பென்டிரைவில் பெரும்பாலும் ஃபாட் வகைக் கோப்பு முறைமையே இருக்கும். அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு பாராதது. நகல் கட்டளையை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே கொடுத்தால் என்ன நடக்கும்? முதற்கோப்பு போய்ச் சேரும். இரண்டாம் கோப்பு போகும்போது, "இப்பெயரில் ஏற்கெனவே ஒன்று உளது" என்று முறைமை கருதி, உள்ளதைத் துடைத்துவிட்டு அதன்மேல் எழுதும். முடிவில் மிஞ்சுவது ஒரே கோப்பு. அதன் பெயர் முதற்கோப்பின் பெயர். உள்ளடக்கமோ இரண்டாவதன் உள்ளடக்கம்! கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று கதைகளில் படித்திருக்கிறோம்; அது இங்கே எந்தச் சித்தரும் இன்றி நடந்துவிடுகிறது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஒரே கட்டளையில் இரண்டையும் சேர்த்து அனுப்பினால், லினக்ஸில் வழக்கமாக உள்ள நகல் கருவி தான் சற்றுமுன் எழுதிய கோப்பை அழிக்க மறுத்து எச்சரிக்கக்கூடும். தார் என்னும் கட்டை அவிழ்க்கும் கருவி அந்த எச்சரிக்கையையும் தராது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் துணைவர்களும் 2023-இல் ஃபாஸ்ட் மாநாட்டில் படித்த கட்டுரை இத்தகைய மோதல்களையே ஆராய்ந்தது. நாம் நாள்தோறும் நம்பியிருக்கும் நகல் கருவிகள் ஒன்றுக்கொன்று வெவ்வேறாக நடந்துகொள்வதையும், தரவு அழிவதையும் அது எடுத்துக்காட்டியது.

வேதியியல் நண்பர்களுக்கு இத்தொல்லை இன்னும் அதிகம். பெரிய சி-யை அடுத்துச் சிறிய ஓ வந்தால் கோபால்ட் உலோகம். இரண்டும் பெரியனவானால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. ஹாஃப்னியத்துக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கும் இதே உறவு. மின்னியலில் மில்லிவாட்டும் மெகாவாட்டும் அவ்வாறே. எழுத்தின் உயரம் மாறினால் அளவு 100 கோடி மடங்கு மாறுகிறது. அறிவியல் தன் குறியீடுகளில் இவ்வேறுபாட்டைப் பொருளுடையதாகவே வைத்திருக்கிறது. கணிப்பொறிகளுள் பாதி அதனைப் பொருளற்றது என்று தள்ளுகின்றன.

இப்படி இரு கட்சிகள் தோன்றியது எவ்வாறு? 1963-இல் வெளிவந்த ஆஸ்கி என்னும் குறியீட்டு நெறியில் சிறிய எழுத்துக்களே இல்லை. 1967-இல் வெளிவந்த திருத்தத்தில் அவை சேர்ந்தன. சேர்த்தவர்கள் கெட்டிக்காரர்கள். பெரிய ஏ-யின் எண் 65, சிறிய ஏ-யின் எண் 97; பெரிய கே 75, சிறிய கே 107. எந்த எழுத்தை எடுத்தாலும் வேறுபாடு 32. இரும எண்ணில் பார்த்தால் ஒரே ஒரு பிட் மட்டும் மாறுகிறது. அந்தப் பிட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெரியதும் சிறியதும் ஒன்றாகிவிடும். எழுபதுகளில் கேரி கில்டால் ஆக்கிய சிபி-எம் முறைமையும், 1981-இல் வந்த எம்.எஸ்.-டாஸும் பெயர்களைப் பெரிய எழுத்தில் மாற்றியே எழுதிவைத்தன. அந்த வழியில் வந்தது விண்டோஸ். யூனிக்ஸ் வேறு வழியிற் சென்றது. அதற்குப் பெயர் என்பது வெறும் எண்களின் வரிசை. சாய்கோடும் சுழியும் தவிர எந்த எண்ணும் வரலாம். அதற்குமேல் அது ஆராய்வதில்லை. அதன் வழியினது லினக்ஸ். இது சோம்பலான கொள்கை போலத் தோன்றும். சோம்பலில் எவ்வளவு அறிவு இருந்தது என்பது பின்னாளில் விளங்கிற்று.

உலகம் 26 எழுத்துக்களோடு நிற்கவில்லை. எல்லா மொழிகளுக்கும் இடம் தரும் ஒருங்குறி வந்தபின், ஒரு பிட்டை விட்டுவிடும் பழைய தந்திரம் பயன்படவில்லை. எந்த எழுத்துக்கு எது இணை என்று ஓர் அட்டவணையே வேண்டியதாயிற்று. 1993-இல் வந்த என்.டி.எஃப்.எஸ். முறைமை 65,536 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையை, 128 கிலோபைட் அளவில், ஒவ்வொரு வட்டிலும் மறைவாக எழுதி வைக்கிறது. வட்டைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்த அன்று எந்த அட்டவணை இருந்ததோ, அதுவே அந்த வட்டுக்குச் சட்டம். இலக்கணம் மாறினாலும் வட்டு மாறாது. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அவ்வாறு உறையவைக்காவிட்டால் விளையும் கேட்டைப் பின்னர்ப் பார்ப்போம்.

அட்டவணை என்று வந்துவிட்டால் அதில் யாருடைய வழக்கை எழுதுவது? துருக்கி மொழியில் புள்ளியுள்ள ஐ வேறெழுத்து, புள்ளியற்ற ஐ வேறெழுத்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெரிய வடிவம் உண்டு. நாம் ஒன்று என்று கருதும் இணை துருக்கியருக்கு ஒன்றன்று. ஜெர்மன் மொழியின் எஸ்ட்செட் என்னும் எழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டு எஸ் ஆவது நெடுநாள் வழக்கம். அதன் தனிப் பெரிய வடிவம் ஒருங்குறியில் சேர்ந்தது 2008-இல்தான். ஓரெழுத்துக்கு ஓரெழுத்து என்று பார்க்கும் என்.டி.எஃப்.எஸ். அட்டவணைக்கு எஸ்ட்செட் வேறு, இரண்டு எஸ் வேறு. ஒருங்குறியின் முழு அட்டவணையைப் பின்பற்றும் முறைமைக்கு இரண்டும் ஒன்று. ஆக, வேறுபாடு பாராத முறைகள் தமக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று: வெப்பநிலை அலகாகிய கெல்வினுக்கு ஒருங்குறியில் தனிக்குறி உண்டு, அதனையும் இந்த அட்டவணை சாதாரணச் சிறிய கே ஆக்கிவிடுகிறது.

இவ்வளவு தொல்லை இருந்தும் லினக்ஸே 2019-இல், 5.2 பதிப்பில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கு இவ்வசதியை ஏற்றுக்கொண்டது. காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் கணிப்பொறிகளுக்குக் கோப்புக்களைப் பகிர்ந்தளிக்கும் சாம்பா போன்ற சேவைகள், ஒரு பெயர் உறைக்குள் இல்லை என்று சொல்வதற்கே அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியிருந்தது. உறைக்குள் 1 லட்சம் கோப்புக்கள் இருந்தால் அத்தனையையும் பார்க்கவேண்டும். விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுக்களை லினக்ஸில் ஓட்டுவோருக்கும் இதே இடர்ப்பாடு. முறைமையே இதனைச் செய்துகொடுத்தால் விரைவாக முடியும். இந்நியாயத்தை நான் மறுக்கவில்லை. வட்டு முழுவதற்கும் இதனைத் திணிக்காமல், வெறுமையாக உள்ள ஓர் உறைக்கு மட்டும் கொடியிட்டு வேண்டுவோர் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அமைத்ததும் அடக்கமான செயலே.

ஆனால் 2024-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். எக்ஸ்ட்4 ஒரு பெயரைத் தேடும் முறை இது: முதலில் பெயரை அட்டவணைப்படி ஒரே வடிவாக்கும், பிறகு அதிலிருந்து ஒரு சுருக்கெண்ணைக் கணக்கிடும், அந்த எண் காட்டும் இடத்தில் போய்ப் பார்க்கும். தபால் நிலையத்தில் தெருப்பெயரைப் பார்த்து உரிய கட்டத்தில் கடிதத்தைச் செருகுவது போன்றது. அட்டவணையில் ஒரு வரி மாறினால் சுருக்கெண் மாறும். கடிதம் பழைய கட்டத்திலேயே கிடக்கும். தேடுபவர் புதிய கட்டத்தில் கைவிட்டு, "இல்லை" என்பார். அவ்வாண்டு ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய எண்ணி, கண்ணுக்குத் தோன்றாத சில குறிகளை ஒப்பீட்டில் விட்டுவிடும் பழைய விதியை நீக்கினார்கள். அக்குறிகள் கொண்ட பழைய கோப்புக்கள் வட்டில் இருந்தும் கிட்டாமற் போயின. டிசம்பரில் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அட்டவணையை உறையவைப்பது ஏன் நல்லது என்று மேலே சொன்னது இதனால்தான்.

அந்தக் கண்ணுக்குத் தோன்றாத குறிகள் என்ன என்று கேட்டால் தமிழர் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். அவற்றுள் ஒன்று நாம் பயன்படுத்துவது. 'ரிக்ஷா' என்று எழுதினால் க-வும் ஷ-வும் பிணைந்து ஓருருவாகின்றன. பிணையாமல் 'ரிக்‌ஷா' என்று வேண்டுமானால் நடுவே அகலமில்லாத ஒரு குறியை இடுகிறோம். "இங்கே சேர்க்காதே" என்பது அதன் பொருள். அச்சில் அது ஒரு மயிரிழை இடமும் கொள்வதில்லை. மேற்சொன்ன அட்டவணை அதனை இல்லாததாகவே கருதும். இக்குறியை வைத்து ஒரு திருட்டும் நடக்க இருந்தது. நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் கிட் என்னும் கருவி, தன் அமைப்புக்களை ஒரு மறைவான உறையில் வைத்துக்கொள்கிறது. அதன் பெயரில் எவரும் கோப்பு அனுப்பமுடியாதபடி தடுத்தும் இருந்தது. அப்பெயரில் ஓரெழுத்தைப் பெரியதாக்கியோ, நடுவே இந்த அகலமில்லாக் குறியைச் செருகியோ அனுப்பினால் தடை அதனை வேறு பெயர் என்று விட்டுவிடும். உள்ளே போனபின் மாக் முறைமை இரண்டும் ஒன்றே என்று சொல்லி உண்மையான அமைப்பின்மேலேயே எழுதிவிடும். பெரிய எழுத்து வேலை விண்டோஸிலும் பலிக்கும். 2014 டிசம்பரில் இக்குறை வெளிவந்து திருத்தப்பட்டது. வாயிற்காவலனும் வீட்டுக்காரனும் வெவ்வேறு அட்டவணை வைத்திருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே!

லினக்ஸின் மூல நிரலிலேயே இந்த இரட்டைகள் உள்ளன என்பது பலருக்குத் தெரியாது. வலைப்பின்னல் வடிகட்டிப் பகுதியில் எக்ஸ்டி-டிஎஸ்சிபி என்னும் தலைப்புக் கோப்பு இரண்டு உண்டு. டிஎஸ்சிபி பெரிய எழுத்தில் இருந்தால் செயலைக் குறிப்பது. சிறிய எழுத்தில் இருந்தால் சோதனையைக் குறிப்பது. மூல நிரலை மாக் கணிப்பொறியின் வழக்கமான வட்டில் இறக்குவோருக்கு இவற்றுள் ஒன்றுதான் மிஞ்சும். லினக்ஸின் தந்தையாகிய லினஸ் டோர்வால்ட்ஸ் இவ்வசதியின்மேல் தீராத கோபம் கொண்டவர். 2025 ஏப்ரலில் மற்றொரு கோப்பு முறைமையில் இதே வசதி கோளாறு செய்தபோது, இதனைச் செய்யாதிருப்பதே சரி என்றும், பழைய ஃபாட் முறையின்மேல் உள்ள பக்தியால் அதனையே மோசமாகத் திரும்பச் செய்கிறார்கள் என்றும் கடிந்துகொண்டார். அவருடைய நாக்கு கொஞ்சம் நீளம் என்பது உலகறிந்தது. விஷயத்தில் நான் அவர் கட்சி. ஆயினும் தமிழன் என்ற முறையில் ஓரிடத்தில் தயங்குகிறேன்.

தயக்கம் எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 'கோரமண்டல்' என்று தமிழில் ஒரு கோப்புக்குப் பெயரிடுவோம். பெரிதும் சிறிதும் இல்லாத எழுத்தாயிற்றே, இங்கே என்ன சிக்கல்? 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம். முன்னும் பின்னும் நிற்கும் உறுப்புக்கள் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக எழுதலாம். அல்லது ஏகாரக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் எழுதலாம். முதல் வகையில் நம் ஊர்ப்பெயர் 9 குறிகள். இரண்டாம் வகையில் 10. தமிழ்க்குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் ஒன்று 27 பைட், மற்றொன்று 30 பைட். திரையில் ஓர் இம்மியும் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமமே என்று ஒருங்குறி நெறி தெளிவாகச் சொல்கிறது. எண்களை மட்டும் பார்க்கும் லினக்ஸுக்கோ அவை இரண்டு பெயர்கள். ஒரே உறையில் இரண்டு கோரமண்டல்கள் அருகருகே நிற்கும். என்.டி.எஃப்.எஸ். முறைமையிலும் அப்படியே, அதன் அட்டவணை பெரிது சிறிதைத்தான் பார்க்கும், கொம்பையும் காலையும் பாராது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை சேர்ந்த வடிவத்தையே தருகின்றன. 1998-இல் வந்த மாக் முறைமையாகிய எச்.எஃப்.எஸ்.-பிளஸ் எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதிவைத்தது. அத்தகைய கணிப்பொறியிலிருந்து கட்டி அனுப்பப்பட்ட கோப்புக்களை லினக்ஸில் அவிழ்த்தவர், கண்முன்னே தெரியும் பெயரைத் தட்டச்சுச் செய்து தேடினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற விடை வரும். கோலார், கோவை, கொழும்பு, சொற்பொழிவு என்று ஒகர ஓகாரங்கள் வரும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஆங்கிலத்தில் பெரியதும் சிறியதும் கண்ணுக்கு வேறாகத் தெரிவதால் ஆளாவது சந்தேகப்படலாம். தமிழில் கண் உதவாது. 2017-இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். முறைமை மாக் கணிப்பொறியில் இதனைச் சற்று நயமாகக் கையாள்கிறது: கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கிறது, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. லினக்ஸில் கொடியிட்ட எக்ஸ்ட்4 உறையும் அதையே செய்கிறது. பெரியது சிறியதை ஒன்றாக்கும் அதே அட்டவணைதான் தமிழின் கொம்பையும் காலையும் சேர்க்கிறது. டோர்வால்ட்ஸ் சொற்படி அதனை ஒதுக்கினால் ஊர்ப்பெயரும் அலகும் பிழைக்கும், கோரமண்டல் இரண்டாகும். வைத்துக்கொண்டால் கோரமண்டல் ஒன்றாகும், ஊர்ப்பெயர் அலகுக்குள் கரைந்துபோகும். இரண்டு வேலைகளையும் ஒரே முடிச்சாகக் கட்டியதுதான் தவறு என்பது என் கருத்து. கொம்பும் காலும் சேர்வது ஒரே எழுத்தின் இரு பதிவுகளைப் பற்றியது. அதில் எந்த மொழியினருக்கும் கருத்து வேறுபாடு இராது. பெரியதும் சிறியதும் சேர்வது பொருளைப் பற்றியது. அது மொழிக்கு மொழி, துறைக்குத் துறை மாறும். அதனைத் தேடும் கருவியிடம், மனிதர் கண்ணெதிரே நடக்கும் இடத்தில், விட்டுவிடலாம். சேமிக்கும் இடம் கொடுத்ததைக் கொடுத்தபடி காத்தாற் போதும்.

அறிஞர் முடிவு செய்யும்வரை நாம் செய்யத்தக்கது சில உண்டு. கோப்புப் பெயரில் ஆங்கிலம் வந்தால் முழுதும் சிறிய எழுத்தாக வைத்து, அலகையும் தனிமக் குறியையும் கோப்பின் உள்ளே எழுதுவது நலம். லினக்ஸிலிருந்து வேறிடம் கொண்டுபோகுமுன், பெயர்ப்பட்டியலைப் பெரிது சிறிது பாராமல் வரிசைப்படுத்தி, யூனிக் என்னும் கட்டளையை ஐ, டி என்ற இரு குறிகளோடு ஓட்டினால் இரட்டைகள் வெளிப்பட்டுவிடும். தமிழ்ப் பெயர்களுக்குக் கான்வ்-எம்வி என்றொரு கருவி இருக்கிறது; பிரிந்த வடிவங்களைச் சேர்ந்த வடிவமாக ஒரே தடவையில் மாற்றித் தரும். நம் மன்றத்தின் பழைய இதழ்களைப் படமெடுத்து வட்டில் ஏற்ற விரும்பும் நண்பர்கள் முதல் நாளே இதனைச் செய்துவிடுவது நல்லது. 1,000 கோப்புக்கள் சேர்ந்தபின் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எந்தக் கருவியாலும் தீராத ஒன்றும் உண்டு. 'ஸ்ரீ' என்னும் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஔகாரக் குறியின் பின்பாதியை ளகரமாகவே தட்டுவோரும் பலர். இவற்றை ஒருங்குறி நெறி சமம் என்று சொல்லவில்லை. ஆகவே எந்த அட்டவணையிலும் இவை இல்லை. ஸ்ரீநிவாசன் என்ற பெயரில் இரண்டு கோப்புக்கள் ஒரே உறையில் இருக்கக் கண்டால், திறந்துதான் பார்க்கவேண்டும்.